ஒரே நாளில் பிறந்த கலைஞர்கள்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து வரும் கேள்விகள்

மார்ச் நெருங்கினால் காரைதீவிலும் கல்லடியிலும் யாழ் நூல் எழுதிய விபுலாநந்த அடிகளின் பிறந்தநாளைப் பற்றிய பேச்சு எழும். அதே நாளில் உலகத்தில் வேறு எந்தக் கலைஞர் பிறந்தார், நம்முடைய மற்றக் கலைஞர்கள் யாரோடு நாளைப் பகிர்கிறார்கள் என்று பிள்ளைகளும் ஆசிரியர்களும் கேட்பார்கள். அப்படி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. இசை, ஓவியம், நாடகம், சினிமா, வடிவமைப்பு ஆகிய துறைகளையே எடுத்திருக்கிறேன். கவிஞர்கள் ஓரிருவர் தாமாகவே உள்ளே வந்துவிட்டார்கள்.

மார்ச் 27 இல் விபுலாநந்த அடிகளோடு வேறு யார் யார் பிறந்தார்கள்?

இந்த நாளில் பிறந்தவர்களின் வரிசை பெரியது. 1892 இல் காரைதீவில் சாமித்தம்பிக்கும் கண்ணம்மாவுக்கும் பிறந்த மயில்வாகனன்தான் துறவு பூண்டபின் விபுலாநந்தர் ஆனார். அவருக்கு ஆறு வருடம் மூத்தவர் மீஸ் வான் டெர் ரோ. 1886 இல் ஜெர்மனியின் ஆகன் நகரில், கல்வேலை செய்த ஒருவரின் மகனாகப் பிறந்தார். இன்று கொழும்பில் நாம் அண்ணாந்து பார்க்கும் கண்ணாடிச் சுவர்க் கட்டடங்களுக்கெல்லாம் வழிகாட்டியவர்களில் அவர் முக்கியமானவர். பௌஹவுஸ் கலைப்பள்ளியின் கடைசி அதிபரும் அவரே. 1929 இல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் அவர் அமைத்த மண்டபமும், அதற்காக லில்லி ரைஷ் என்ற பெண் வடிவமைப்பாளரோடு சேர்ந்து உருவாக்கிய நாற்காலியும் இன்றுவரை கட்டடக்கலை மாணவர்களுக்குப் பாடம். அதே 1929 இல்தான் கல்லடி உப்போடையில் அடிகளாரின் சிவானந்த வித்தியாலயம் தொடங்கியது.

பாட்டுப் பக்கம் சேரா வோன். அமெரிக்காவின் நியூவார்க் நகரில் 1924 இல் பிறந்த ஜாஸ் பாடகி. மந்திரம் என்ற கீழ்ச் சுரங்களில் இறங்கி நின்று, அங்கிருந்து தாரம் என்ற மேற்சுரங்களுக்கு அவர் ஏறும் விதத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 1924 மட்டக்களப்பு வரலாற்றிலும் நினைவில் நிற்கும் வருடம். மயில்வாகனன் சென்னையில் முழுத் துறவியாகி விபுலாநந்தர் என்ற பெயர் பெற்றது அந்த வருடம். கல்லடிப் பழைய பாலம் திறந்ததும் அந்த வருடம்தான்.

மூன்றாவது ரொஸ்ட்ரோபோவிச். 1927 இல் பாகு நகரில் பிறந்து செல்லோ வாசித்தவர். வயலினின் பெரிய அண்ணன் என்று சொல்லத்தக்க, காலுக்கிடையில் நிறுத்தி வாசிக்கும் கருவி அது. அரசின் கோபத்துக்கு ஆளான எழுத்தாளர் சோல்செனிட்சினுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தார். அதன் பிறகு நாட்டை விட்டுப் போக நேர்ந்தது, 1978 இல் சோவியத் குடியுரிமையும் பறிபோனது. 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்த சில நாட்களுக்குள் அங்கே போய், சுவரோரம் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையை வாசித்தார்.

எட்வர்ட் ஸ்டைக்கன் 1879 இல் லக்சம்பேர்க்கில் பிறந்தவர். ஓவியராகத் தொடங்கிப் புகைப்படக்காரர் ஆனார். 1955 இல் நியூயோர்க்கில் அவர் தொகுத்த கண்காட்சியில் 68 நாடுகளிலிருந்து 503 படங்கள் இருந்தன. பிறப்பு, கல்யாணம், உழைப்பு, சாவு என்று மனித வாழ்க்கை முழுவதையும் சுவர்களில் மாட்டிக் காட்டினார். டொனால்ட் டக் கதைகளை வரைந்த கார்ல் பார்க்ஸும் (1901) மார்ச் 27 இல் பிறந்தவர்தான்.

என்னைக் கேட்டால், அடிகளாருக்கு மனத்தால் மிக அருகில் நிற்பவர் இவர்களில் யாரும் இல்லை. 1851 இல் பாரிசில் பிறந்த வின்சென்ட் டாண்டிதான். அவர் பெயர் இங்கே அதிகம் பேருக்குத் தெரியாது. 1894 இல் அவரும் நண்பர்களும் பாரிசில் ஒரு இசைப்பள்ளியைத் தொடங்கி, பழைய தேவாலயக் கீதங்களையும் எல்லோரும் மறந்துபோயிருந்த முன்னோர் இசையையும் தேடி எடுத்துத் திரும்பப் பாட வைத்தார்கள். சிலப்பதிகார அரங்கேற்று காதையைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கொழிந்து போன யாழை நரம்பு நரம்பாகத் திரும்பக் கட்டப் பார்த்த நம் அடிகளாரும் அதே வேலையைத்தான் செய்தார். ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நமக்குத்தான் அது தெரிகிறது.

யாழ் நூல் என்றால் என்ன? பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லலாம்?

பழந்தமிழர் வாசித்த நரம்புக் கருவி யாழ். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று பல வகை. காலப்போக்கில் அதை வாசிப்பாரும் இல்லை, செய்வாரும் இல்லை. பெயரும் வர்ணனையும் மட்டும் பாட்டுகளில் மிஞ்சின. அடிகளார் விஞ்ஞானம் படித்தவர். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, அதோடு மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். நரம்பின் நீளத்துக்கும் அதிலிருந்து எழும் சுரத்துக்கும் உள்ள கணக்கு அவருக்குத் தெரியும், பழந்தமிழ்ப் பாட்டும் தெரியும். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்ததால்தான் அந்த நூல் பிறந்தது.

பிள்ளைக்கு இப்படிச் சொல்லுங்கள்: ஒரு கம்பியை இழுத்துக் கட்டித் தட்டு. பிறகு சரி நடுவில் விரலை அழுத்தித் தட்டு. அதே சுரம் ஒரு படி மேலே கேட்கும். மூன்றில் ஒரு பங்கை விட்டு அழுத்தினால் ‘ச’ இருந்த இடத்தில் ‘ப’ கேட்கும். இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு, பழைய பாட்டில் சொன்ன பாலைகளும் பண்களும் (பழந்தமிழ் இராக முறைகள்) எப்படி ஒலித்திருக்கும் என்று அடிகளார் கண்டுபிடிக்கப் பார்த்தார். ஒரு தும்புக்கட்டைக் கம்பும் ஒரு கிற்றார்க் கம்பியும் இருந்தால் வகுப்பிலேயே செய்து காட்டலாம்.

நூல் 1947 ஜூன் 5, 6 ஆம் திகதிகளில் தஞ்சைப் பக்கத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. ஆறு வாரம் கழித்து, ஜூலை 19 அன்று, அடிகளார் காலமானார். சமாதி கல்லடி உப்போடையில் இருக்கிறது.

அதே நாளில், அதே வருடத்திலும் பிறந்த கலைஞர் உண்டா?

உண்டு. 1892 மார்ச் 27 அன்று நியூயோர்க்கில் பிறந்தவர் ஃபேர்டி குரோஃபே. அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கை, சூரியன் எழுவதிலிருந்து புயல் மழை வரை, இசைக்குழுவுக்கு எழுதியவர். ஜாஸ் இசையைப் பெரிய அரங்குக்குக் கொண்டுவந்த 1924 இன் புகழ்பெற்ற கச்சேரியில், ஜோர்ஜ் கேர்ஷ்வினின் பியானோ இசையை முழு இசைக்குழுவுக்கும் பிரித்து எழுதிக் கொடுத்தவரும் அவரே. மட்டக்களப்பு வாவியில் பாடும் மீன்களின் ஒலியைக் கேட்டு அடிகளார் எழுதியதைப் படித்திருப்பவர்களுக்கு ஒன்று விளங்கும். ஒரே நாளில் பிறந்த இந்த இருவரும் தண்ணீரும் பாறையும் எழுப்பும் சத்தத்தை இசையாகக் கேட்டவர்கள்.

மார்ச் 27 உலக நாடக நாளும்தானே? அடிகளாருக்காக வைத்த நாளா?

இல்லை, தற்செயல். சர்வதேச நாடக நிறுவனம் 1961 இல் உலக நாடக நாள் என்று ஒன்றை ஏற்படுத்தியது. முதலாவது கொண்டாட்டம் 1962 மார்ச் 27 இல் நடந்தது. பாரிசில் நடந்துவந்த பன்னாட்டு நாடக விழா அந்த வருடம் தொடங்கிய நாள் அது. முதல் செய்தியை எழுதியவர் பிரெஞ்சுக் கலைஞர் ஷான் கொக்தோ.

ஆனால் பொருத்தம் என்று பார்த்தால் இதைவிட வேறு என்ன வேண்டும்? மதங்கசூளாமணி என்று நாடக இலக்கணத்துக்கே ஒரு நூல் எழுதியவர் அடிகளார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் தமிழ் நாடக மரபையும் அதில் சேர்த்துப் பார்த்தார். கல்லடியில் அவர் பெயரால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இசை, நடனம், நாடகம், ஓவியம் எல்லாம் அங்கே படிக்கிறார்கள். இரண்டு விழாவையும் ஒரே மேடையில் நடத்தத் தயங்க வேண்டாம்.

பிறந்தநாள் மெட்டு யாருடையது?

கேக் வெட்டும்போது உலகமெல்லாம் பாடுகிற அந்த மெட்டுக்கும் மார்ச் 27 க்கும் தொடர்பு உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த மில்ட்ரெட் ஹில், பற்றி ஹில் என்ற அக்காவும் தங்கையும் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலை வணக்கப் பாட்டாக உருவாக்கியது அது. மெட்டு அக்காவுடையது, வார்த்தைகள் தங்கையுடையவை. 1893 இல் அச்சில் வந்தது. பிறந்தநாள் வாழ்த்து வார்த்தைகள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டன. தங்கை பற்றி ஹில் பிறந்தது 1868 மார்ச் 27. தொழிலால் அவர் பாலர் பாடசாலை ஆசிரியை. அந்தப் பாட்டின் உரிமை தன்னிடம் இருப்பதாகச் சொல்லி ஒரு நிறுவனம் நெடுங்காலம் பணம் வாங்கி வந்தது. 2015 இல் அமெரிக்க நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்றது. இன்று யாரும் பாடலாம்.

மட்டக்களப்பில் பிறந்து வெளியே புகழ் பெற்ற வேறு கலைஞர்?

ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான பாலு மகேந்திரா. அமிர்தகழியில் 1939 மே 20 இல் பிறந்தவர். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, இந்தியாவின் தேசிய விருதுகளை வாங்கினார். செயற்கை விளக்குகளைக் குறைத்து, ஜன்னலால் வரும் வெயிலை நம்பிப் படம் எடுத்தவர். மே 20 இல் பிறந்த மற்ற இருவர் பாடகர்கள்: கரகரத்த குரலுக்குப் பேர் போன இங்கிலாந்தின் ஜோ கொக்கர் (1944), அமெரிக்காவின் ஷெர் (1946). இந்த மூவருக்கும் நாளைத் தவிர ஒற்றுமை ஏதும் எனக்குத் தெரியவில்லை. எல்லா நாளிலும் கதை இருக்க வேண்டும் என்றில்லை.

தமிழ்க் கலைஞர்களும் உலகக் கலைஞர்களும் சேரும் நல்ல நாட்கள் எவை?

செப்டம்பர் 16 எனக்கு மிகப் பிடித்தது. 1916 இல் மதுரையில் எம்.எஸ். சுப்புலட்சுமி. 1925 இல் மிசிசிப்பியில் பி.பி. கிங். ஒருவர் பக்தி இசையின் குரல். மற்றவர் பருத்தித் தோட்டத்து வேலையிலிருந்து வந்து, கிற்றாரையே அழவைத்த புளூஸ் கலைஞர். இருவருமே ஒரு சுரத்தில் நின்று அதை மெதுவாக வளைத்து உருக்குபவர்கள். எம்.எஸ்ஸின் ஒரு விருத்தத்தைக் கேட்டுவிட்டு உடனே கிங்கின் கிற்றாரைக் கேளுங்கள். கமகம் நம் சங்கீதத்தின் தனிச்சொத்து என்று நினைத்திருந்தவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். பாரிசில் 1887 இல் பிறந்த நாடியா புலான்ஜேயும் செப்டம்பர் 16 தான். ஆரன் கொப்லண்ட், பியாசோலா, குயின்சி ஜோன்ஸ் என்று எத்தனையோ பேருக்கு இசை கற்பித்த அம்மையார் அவர்.

ஏப்ரல் 29 இன்னொன்று. ராஜா ரவிவர்மா (1848), பாரதிதாசன் (1891), டியூக் எலிங்டன் (1899), இசைக்குழு நடத்துநர் சுபின் மேத்தா (1936). நம் வீட்டுச் சாமியறையில் தாமரையில் நிற்கும் லட்சுமியின் முகம் ரவிவர்மாவின் அச்சுப்படங்களிலிருந்து வந்தது. எலிங்டன் பியானோக்காரர் என்று எல்லோருக்கும் தெரியும். இளவயதில் ஓவியக் கல்லூரியில் படிக்க அவருக்குப் புலமைப்பரிசில் கிடைத்ததும், அதை வேண்டாம் என்றுவிட்டு இசைக்கு வந்ததும் பலருக்குத் தெரியாது. 1963 இல் அவருடைய குழு இலங்கைக்கும் வந்து வாசித்தது.

மே 13 இல் நடனமணி பாலசரஸ்வதி (1918), ஓவியர் ஜோர்ஜ் பிராக் (1882), ஸ்டீவி வொண்டர் (1950). பிராக் பிக்காசோவோடு சேர்ந்து கியூபிச ஓவியத்தைத் தொடங்கியவர். வயலினையும் மண்டலினையும் துண்டு துண்டாக உடைத்து ஓவியத்தில் அடுக்கினார். பாலசரஸ்வதி பதம் பிடிக்கும்போது தானே பாடிக்கொண்டே அபிநயிப்பார். கண்ணால் பார்க்கிற இசை என்றால் இரண்டும்தான். ஜனவரி 6 இல் ஏ.ஆர். ரஹ்மானோடு (1967) கலீல் ஜிப்ரானும் (1883), குஸ்தாவ் டோரே என்ற பிரெஞ்சுச் சித்திரக்காரரும் (1832) பிறந்திருக்கிறார்கள். ஜிப்ரான் கவிஞர் மட்டும் அல்ல, ஓவியரும்.

ஜூன் 24 பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. கண்ணதாசன் 1927, எம்.எஸ். விஸ்வநாதன் 1928. பாட்டும் மெட்டும் ஒரே நாளில், ஒரு வருட இடைவெளியில் பிறந்தன.

வடிவமைப்பாளர்களும் இருக்கிறார்களா? பாடகர்களாகவே வருகிறதே.

மருதமுனையிலிருந்து வந்த கேள்வி இது, நியாயமானது. கைத்தறிச் சாரமும் சேலையும் நெய்கிற ஊர் கேட்கத்தானே செய்யும்.

மார்ச் 24 ஐப் பாருங்கள். 1834 இல் இங்கிலாந்தில் வில்லியம் மொரிஸ் பிறந்தார். தொழிற்சாலைத் துணி ஊரை நிரப்பிய காலத்தில் கைத்தறியின் பக்கம் நின்றவர். அவுரி போன்ற செடிச் சாயங்களைத் தன் கையாலேயே காய்ச்சிப் பழகினார், கை நீலமாகும் வரைக்கும். பூவும் கொடியும் பறவையும் பின்னிய அவருடைய துணி வடிவங்களை இன்றும் அச்சிடுகிறார்கள். மொரிஸ் பிறந்த நாளில்தான் 1922 இல் மதுரையில் ரி.எம். சௌந்தரராஜன் பிறந்தார். அவர் சௌராட்டிரக் குடும்பத்தவர். மதுரைச் சௌராட்டிரரின் பரம்பரைத் தொழில் நெசவு. தறிக்காரர் பக்கம் நின்ற ஆங்கிலேயரும், தறிக்காரர் சமூகத்திலிருந்து வந்த பாடகரும் ஒரே நாளில்.

இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1919 ஜூலை 23 இல் பிறந்தார். கோட்டேயில் தண்ணீர் நடுவே இருக்கும் நாடாளுமன்றக் கட்டடம் அவருடையது. இசைக்கும் வடிவமைப்புக்கும் பொதுவாக நிற்பவர் வேண்டும் என்றால் சார்லி வாட்ஸ் (1941 ஜூன் 2). ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ட்ரம்ஸ்காரர், அதற்கு முன் விளம்பர நிறுவனத்தில் வரைகலை வடிவமைப்பாளர்.

மருதமுனையிலும் காத்தான்குடியிலும் சாரத்தின் கரைக்கு யார் முதலில் எந்தக் கட்டம் போட்டார்கள் என்பது எங்கும் எழுதியில்லை. அதைப்பற்றிக் கீழே சொல்கிறேன்.

பெப்ரவரி 29 இல் பிறந்த கலைஞர் யார்?

கலாஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி (1904), இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினி (1792), ஓவியர் பால்துஸ் (1908). 1900 நெட்டாண்டு அல்ல. ஆகவே 1896 க்குப் பிறகு எட்டு வருடம் கழித்து வந்த முதல் பெப்ரவரி 29 இல் பிறந்தவர் ருக்மிணி தேவி.

ஒரே நாளில் பிறந்தால் ஒரே மாதிரித் திறமை வருமா?

வராது. மீஸ் வான் டெர் ரோவுக்கும் சேரா வோனுக்கும் பொதுவான திறமை என்ன? அந்த நாளில் உலகெங்கும் லட்சக்கணக்கானோர் பிறக்கிறார்கள். பெயர் பெற்றவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து வரிசையாக வைப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது.

நாள் பொருந்துவது அதிசயமும் அல்ல. 23 பேர் கூடினாலே இருவர் ஒரே நாளில் பிறந்திருக்கும் வாய்ப்புப் பாதியைத் தாண்டிவிடும். ஏனென்றால் 23 பேருக்குள் 253 சோடிகள் உண்டு. 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் அது 89 வீதம். ஆனால் ‘என்னுடைய நாளில்’ பிறந்தவர் வேண்டும் என்றால் கதை வேறு. பாதி வாய்ப்புக்கே 253 பேர் வேண்டும். கணித ஆசிரியர்கள் இதைக் காலைக் கூட்டத்தில் செய்து காட்டலாம், பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

சான்றிதழில் பங்குனி 27 என்று இருக்கிறது. அது மார்ச் 27 தானா?

பெரும்பாலும் ஆம். இலங்கை அரச ஆவணங்களில் மார்ச்சைப் பங்குனி என்றும் ஏப்ரலைச் சித்திரை என்றும் எழுதுவது வழக்கம். பஞ்சாங்கப் பங்குனி வேறு. அது மார்ச் நடுப்பகுதியில்தான் பிறக்கும். சாதகக் குறிப்பில் பங்குனி 27 என்றிருந்தால் அது ஏப்ரல் 9, 10 ஐ ஒட்டி வரும். இரண்டையும் குழப்பியதால் பழைய நூல்களில் பலருடைய பிறந்தநாள் இரண்டு வாரம் தள்ளிப்போய் நிற்கிறது. இன்னொன்று: பஞ்சாங்க வருடம் ஆங்கில வருடத்தைவிடச் சற்று நீளம். சுமார் 72 வருடத்துக்கு ஒரு நாள் பின்னுக்குப் போகும். இன்று ஏப்ரல் 14 இல் வரும் புத்தாண்டு அடிகளார் பிறந்த காலத்தில் ஏப்ரல் 12 ஐ ஒட்டி வந்தது. பழைய குறிப்பை இன்றைய நாட்காட்டியை வைத்து மாற்றினால் பிழைக்கும்.

ஹிஜ்ரி நாள் தெரிந்தவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். அந்த வருடம் 354 அல்லது 355 நாள். ஒரு ஹிஜ்ரிப் பிறந்தநாள் ஆங்கில நாட்காட்டி முழுவதும் சுற்றித் திரும்ப 33 வருடம் அளவில் ஆகும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இல்லை. பாக் பிறந்தது 1685 மார்ச் 21, பழைய ஜூலியன் கணக்கில். இன்றைய கணக்கில் மார்ச் 31. ஷெனாய் மேதை பிஸ்மில்லா கானும் மார்ச் 21 (1916) என்பதால் இருவரையும் சேர்க்கப் பலருக்கு ஆசை. சேர்க்கலாம், ஆனால் எந்தக் கணக்கு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். முத்துஸ்வாமி தீட்சிதருக்கு மார்ச் 24 என்று போடுகிறார்கள், வருடம் 1775 என்றும் 1776 என்றும் இரண்டு விதமாக வருகிறது. பேத்தோவனுக்கு ஞானஸ்நான நாள்தான் (1770 டிசம்பர் 17) பதிவில் இருக்கிறது.

இளையராஜாவுக்கு ஜூன் 2 ஆ, 3 ஆ?

பிறந்தது 1943 ஜூன் 3. கொண்டாடுவது ஜூன் 2. கலைஞர் கருணாநிதியின் பிறந்தநாள் ஜூன் 3 என்பதால் தன்னுடையதை ஒரு நாள் முன்னே தள்ளிக்கொண்டார். அப்படித் தள்ளியதில் மணிரத்னத்தோடும் (1956) ஆங்கில இசையமைப்பாளர் எல்கரோடும் (1857) நாள் சேர்ந்துவிட்டது. ஓவியர் ஃபிரீடா காலோ தன் பிறந்தநாளை 1910 ஜூலை 7 என்று சொல்லி வந்தார். பதிவில் இருப்பது 1907 ஜூலை 6. அந்த ஜூலை 6 பாலமுரளிகிருஷ்ணாவின் நாளும் (1930).

நம் கூத்து அண்ணாவிமாரின் பிறந்தநாள் ஏன் எந்தப் பட்டியலிலும் இல்லை?

எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இதுதான்.

மேலே சொன்ன அத்தனை பேருக்கும் நாள் இருக்கிறது. காரணம், யாரோ எழுதி வைத்தார்கள். வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்துகளையும் ஊர் ஊராக ஆடவைத்த கூத்து ஆசிரியர்களான அண்ணாவிமார் மத்தளத்தை மடியில் வைத்துத் தாளக்கட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் இரவு முழுக்க நின்றார்கள். ஐம்பது அறுபது பேரை ஆடவும் பாடவும் பழக்குகிற ஒருவர் ஒரே நேரத்தில் இசையமைப்பாளர், நடன ஆசிரியர், இயக்குநர். உடுப்பும் கிரீடமும் செய்கிற இடத்தில் வடிவமைப்பாளரும் அவரே. 1960 களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தைப் புதிதாக மேடையேற்றியபோதும், பேராசிரியர் சி. மௌனகுரு இராவணனாக ஆடியபோதும், அதற்கு அடியில் இருந்தது ஊர் அண்ணாவிமாரின் அறிவுதான். அவர்களில் பலருக்கு வருடம் தெரியும், நாள் தெரியாது. சிலருக்கு வருடமும் தெரியாது. வீட்டில் இருந்த பத்திரங்களும் கூத்துக் கொப்பிகளும் சூறாவளியில், இடப்பெயர்வில், 2004 கடல்கோளில் போய்விட்டன.

ஆனாலும் கண்டுபிடிக்க வழி உண்டு. முதலில் பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவின் பிரதி கேளுங்கள். கத்தோலிக்க, மெதடிஸ்த குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். பாடசாலைச் சேர்வுப் பதிவேடும் உதவும். எழுத்தில் ஒன்றும் இல்லை என்றால் வீட்டில் மூத்தவர்களிடம் உட்கார்ந்து கதைக்க வேண்டும். ‘எந்தத் திகதி?’ என்று கேட்டால் பதில் வராது. ‘வெள்ளத்துக்கு முன்னமா பின்னமா?’ என்று கேளுங்கள். 1957 டிசம்பர் வெள்ளமும் 1978 நவம்பர் 23 சூறாவளியும் நம் பக்கத்தில் யாருக்கும் மறக்காத அடையாளங்கள். வருடம் பிடிபட்டதும் நாளுக்கு வாருங்கள். ‘மாமாங்கத் தீர்த்தத்துக்கு அடுத்த நாள்’, ‘அம்மன் குளிர்த்தி அன்று’ என்று ஒரு பெத்தாச்சி சொல்வார். மாமாங்கத் தீர்த்தம் ஆடி அமாவாசையில்தான். வருடம் சரியாகத் தெரிந்தால், அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆங்கிலத் திகதியைச் சொல்லிவிடலாம். நட்சத்திரமும் நினைவிருந்தால் சரிபார்க்க இன்னும் வசதி.

கிடைத்ததை யார் சொன்னார், எதை வைத்துச் சொன்னார் என்பதோடு எழுதி, ஊர் நூலகத்திலும் பாடசாலையிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். நூலகம் என்ற பெயரில் இணையத்தில் இயங்கும் ஈழத்து ஆவணக் காப்பகத்துக்கும் அனுப்பலாம். நெசவாளர், பறைமேளக்காரர், கவி பாடும் தாய்மார், தேர்ச்சிற்பிகள் எல்லோருக்கும் இதே வேலை காத்திருக்கிறது. எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் முதலில் போங்கள். அவர்களுடைய பிறப்பை நேரில் அறிந்தவர்கள் ஏற்கெனவே குறைவு.

பாடசாலையில் இதை எப்படிச் செய்யலாம்?

பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். ஒரு நாளுக்கு இரண்டே பேர் போதும்: ஒருவர் நம்மவர், ஒருவர் வெளியாள். ஐந்து நிமிடம் கேட்கவோ பார்க்கவோ ஏதாவது இருக்க வேண்டும். மார்ச் 27 க்கு ரொஸ்ட்ரோபோவிச்சின் செல்லோவை யூடியூப்பில் போடுங்கள், பிறகு கம்பியைக் கட்டி யாழ்க் கணக்கைச் செய்து காட்டுங்கள். இரண்டும் நரம்புக் கருவி என்பதால் பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். விக்கிப்பீடியாவின் தமிழ்ப் பதிப்பில் ஒவ்வொரு திகதிக்கும் ஒரு பக்கம் உண்டு. அங்கிருந்து தொடங்கி, இன்னொரு இடத்தில் சரிபார்த்த பிறகே ஒட்டுங்கள்.

இன்று உயிரோடிருக்கும் ஊர்க் கலைஞரின் பிறந்தநாளைப் போடலாமா?

அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். நாளும் மாதமும் காணும், வருடம் வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். அடையாள அட்டை, முகவரி, தொலைபேசி இலக்கம் எதையும் வட்ஸ்அப்பில் சுற்றவிட வேண்டாம். பெரும்பாலான அண்ணாவிமார் சந்தோசமாகச் சொல்வார்கள். எந்தக் கூத்தில் முதன்முதல் சதங்கை கட்டினார் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறந்த நாள் தெரியாதவரும் அந்த இரவை நன்றாக நினைவில் வைத்திருப்பார்.